மைக்ரான் கணக்கும் மனுசக் கணக்கும்

தாராபுரத்திலிருந்து குண்டடம், பூளவாடிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நட்டவை. அவற்றில் பல, நூல் மில்காரர்களும் பனியன் முதலாளிகளும் போட்டவை. பண்ணையத்தில் மாடு மேய்த்த அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இன்று இப்படிப்பட்ட இரும்பில் கயிறு கட்டித் தொங்குகிறார்கள். துரு சுரண்டுவது, பிளாஸ்டிங் அடிப்பது, பெயிண்ட் அடிப்பது. காற்றாலை மட்டுமில்லை. மில்லுக்குத் தண்ணீர் டேங்க், சாயப்பட்டறைக்குக் கழிவுத் தொட்டி, எங்கோ கடலோரத்தில் பாலம் என்று கன்ட்ராக்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். கூட வேலை செய்கிறவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். செருப்பு, பறை, சேரி, வயல் என்று எழுதிய நாம் இந்த வேலையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கென்று தினசரி அறிக்கை ஒன்று உண்டு. ஆய்வாளர் எழுதுவது. வாங்கிப் படித்துப் பாருங்கள், மனுநீதியைவிடத் தெளிவாக இருக்கும்.

பிளாஸ்டிங் முடிந்ததும் இரும்பு எவ்வளவு சுத்தமாயிற்று என்று படத்தோடு ஒப்பிட்டு 'எஸ்ஏ இரண்டரை' என்று குறிப்பார். காற்றின் ஈரம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, இரும்பின் சூடு பனி இறங்கும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூட இருக்கிறதா என்று பார்ப்பார். உப்பு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு சின்னப் பட்டையை ஒட்டி, ஊசியால் அதற்குள் தண்ணீர் செலுத்தி, அந்தத் தண்ணீரைச் சோதிப்பார். ஈரப் பெயிண்டின் கனத்தை அளக்கச் சீப்பு மாதிரி ஒரு தகடு. காய்ந்த பிறகு அளக்க கேஜ். கணக்கு மைக்ரானில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில். தொட்டிக்கு உள்ளே அடித்த பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று மின்சாரம் வைத்துத் தேடுவார். பெயிண்டின் பேட்ச் எண், கலந்த நேரம், தின்னர் எவ்வளவு, எல்லாம் பதிவாகும்.

இதை நான் கேலி செய்யவில்லை. உப்பின் மேல் பெயிண்ட் அடித்தால் நாளைக்குக் கொப்புளிக்கும். அன்றைக்கு யார் தப்பு என்று கேட்டால் இந்தத் தாள்தான் சாட்சி. இரும்புக்காக இவ்வளவு நேர்மையாக எழுதுகிற கை, மனுசன் என்று வந்ததும் 'ஆட்கள் 6' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறது. எந்த ஆறு பேர்? பேட்ச் எண் உண்டு, பேர் இல்லை.

"எம் பேரெல்லாம் எதுக்குங்ணா? பெயிண்டு டப்பாவுல இருக்கற நெம்பரு போதும்னு சொல்லிப்போடுவாங்க" என்றார் ஒரு பெயிண்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்கிற தோழர்களுக்குச் சொல்கிறேன். மணலை அதிவேகக் காற்றில் வீசும்போது பொடியாகும் சிலிக்கா நுரையீரலில் இறங்கித் தழும்பாகிறது. அது சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்தில்லை. வார்ப்பிரும்பைச் சுத்தம் செய்ய மணல் வீசுவதைப் பிரிட்டன் 1949இலேயே விதி போட்டு நிறுத்தியது. மேல்பூச்சாக அடிக்கிற பாலியூரித்தேனில் சேரும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஈரத்தை அளக்கிறவர் தூசியை அளப்பதில்லை. அதற்குத் தாளில் இடமில்லை.

சிலிக்கோசிஸ் பெரும்பாலும் இன்றைக்கு மூச்சில் போய் இன்றைக்கே இருமுவது அல்ல. பத்து, இருபது வருசம் கழித்து வரும். அன்றைக்கு ஆள் ஊரில் திண்ணையில் கிடப்பான். காசநோய் என்று மாத்திரை கொடுப்பார்கள். 1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்தில், கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. பட்டியலில் இருந்து என்ன? நீ அங்கே வேலை செய்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்பார்கள். கன்ட்ராக்டர் மாறியிருப்பார். மஸ்டர் கிடைக்காது. ஆனால் எந்த நாள், எந்தத் தொட்டி, எதை வீசிச் சுத்தம் செய்தது என்று அந்த அறிக்கையில் இருக்கும். அந்தத் தாளில் ஒரே ஒரு பத்தி கூடியிருந்தால் போதும். நட்ட ஈட்டு வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பத்தி இல்லாதது மறதி என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். பேர் எழுதினால் பொறுப்பு வரும்.

எழுதி வைத்ததால் நடந்ததைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா ஆதிவாசிகள் குஜராத்தின் கோத்ராவில் படிகக்கல் அரைக்கப் போய்ச் செத்தார்கள். அப்படிச் செத்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கச் சொல்லி 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. 2016இல் உச்சநீதிமன்றமும் கொடுக்கச் சொன்னது. 238 என்கிற எண்ணிக்கை வானத்திலிருந்து விழவில்லை. வீடு வீடாகப் போய் எழுதியது. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் 1993க்குப் பிறகு செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் தீர்ப்பு வந்ததே, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் போட்ட வழக்கில், அதுவும் பேர்ப் பட்டியலின் பலம்தான். 2023இல் அது 30 லட்சமாயிற்று. ஆனாலும் 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறைத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சடைத்துச் செத்தார்கள்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலத்தைத் திறந்தபோது பாலிசிலாக்சேன் பூச்சைப் பற்றி எவ்வளவு பெருமை! முப்பது வருசத்துக்கு மேல் தாங்கும் என்றார்கள். அதற்கு முன்பே 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் துருவைப் பற்றிக் கேள்வி எழுப்பியதால் குழு போட்டு விவாதம் நடந்தது. துருவுக்குக் குழு உண்டு. உப்புக் காற்றில் அதைத் தடவியவனின் மூச்சைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை.

தொழிற்சங்கத் தோழர் சொல்கிறார்: இது வர்க்கப் பிரச்சினை, இதில் சாதியை ஏன் இழுக்கிறாய்? கேஜ் பிடிக்கிற சான்றிதழ்ப் படிப்புக்குப் பெயிண்டரின் பல மாதக் கூலி வேண்டும், இங்கிலீஷும் வேண்டும். தொடாமல் அளக்கிறவர் ஒருத்தர், தொட்டு நாறுகிறவர் இன்னொருத்தர். இந்தப் பிரிவினையை நாம் கம்ப்ரசர் வருவதற்கு முன்பே பார்த்தவர்கள். தோழருக்கும் தெரியும்.

பூக்கோ படித்த நண்பர் வேறு சொல்கிறார்: பேர் எழுதுவதே கண்காணிப்பு, அதிகாரத்தின் வேலை. பாதி உண்மை. குற்றப்பரம்பரைச் சட்டத்தில் ரேகை உருட்டி எழுதியவர்கள்தானே இவர்கள்? நம்மைப் பிடிக்க எழுதத் தெரியும், நமக்குக் கொடுக்க எழுதத் தெரியாது. அதனால்தான் வெறும் பத்தி போதாது என்கிறேன். அறிக்கையில் பிளாஸ்டிங் அடித்தவர், பெயிண்ட் அடித்தவர் பேர், உள்ளே இருந்த மணிநேரம், முகமூடிக்குக் காற்றுக்குழாய் இருந்ததா இல்லையா, எல்லாம் வர வேண்டும். அதன் நகல் அன்று சாயங்காலமே அவர் கையில் வர வேண்டும். நகல் கொடுக்காத வேலைக்குப் பில் பாஸ் பண்ணக்கூடாது என்று அரசு டெண்டரில் ஒரு வரி சேர்க்கட்டும். பேட்ச் எண்ணுக்கு முடிகிறது, இதற்கு முடியாதா?

அதுவரை நாமே எழுதலாம். மூலனூர், குண்டடம் பக்கத்துக் காலனிகளில் எத்தனை பேர் இந்த வேலைக்குப் போனார்கள், எந்த வருசம், எந்த ஊர், என்ன தூசி, இப்போது மூச்சு எப்படி என்று கேட்டு எழுதலாம். அதற்கு எம்.ஏ. பட்டம் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டும் ஞாயிற்றுக்கிழமையும் போதும். பெண்களிடமும் கேளுங்கள். அந்தத் துணிகளைத் துவைத்தவர்கள் அவர்கள்.