மணி அடித்ததும் தாளைப் பிடுங்காதீர்கள்



"பணம் போயிடுச்சு, டிக்கெட் வரல." தாம்பரத்தில் எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அவசரமாக நிறுத்துவது. மெப்ஸிலும் ஓ.எம்.ஆரிலும் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களிடம் கேட்டறிந்து இதை எழுதுகிறேன்.

சர்வரில் ஒரு தலைமை புராசஸ், அதன் கீழே வொர்க்கர் புராசஸ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல த்ரெட்கள். பொதுத்தேர்வு மையம் மாதிரிதான்: முதன்மைக் கண்காணிப்பாளர், தேர்வறைகள், உள்ளே எழுதும் பிள்ளைகள்.

லினக்ஸில் 15ஆம் எண் சிக்னல் சிக்டெர்ம். அது எச்சரிக்கை மணி. 9ஆம் எண் சிக்கில். அது வந்தால் புராசஸுக்குத் தப்ப வழியே இல்லை. உள்ளிருக்கும் த்ரெட்கள் எல்லாம் பாதி வரியில் நின்றுபோகும்.

மையத்தை எப்படி மூடுவோம்? முதலில் வாசற்கதவு. பிறகு எழுதுபவர்கள் முடிக்க நேரம். எல்லா அறைக் கட்டும் வந்து எண்ணிய பிறகே முதன்மைக் கண்காணிப்பாளர் கிளம்புவார். சர்வரும் அப்படித்தான் நிற்க வேண்டும்: புதிய கோரிக்கை வேண்டாம், கையிலிருப்பதை முடி, வொர்க்கர்கள் விலகிய பிறகே தலைமை விலகட்டும். இதைத்தான் 'க்ரேஸ்ஃபுல் ஷட்டவுன்' என்கிறார்கள்.

குபர்நெட்டீஸ் தானாகத் தரும் அவகாசம் 30 விநாடி. அதற்குள் முடியாவிட்டால் சிக்கில்தான். வங்கியின் பதில் வர 40 விநாடி ஆகும் இடத்தில் 30 எப்படிப் போதும்? அளந்து பார்த்து மாற்றுங்கள். அதற்காக, தொங்கிப்போன ஒரு த்ரெட்டுக்காக விடிய விடியக் காத்திருக்கவும் முடியாது. முடியாமல் போனதைக் குறித்து வைத்தால், அடுத்து எழும் சர்வர் அதை முடிக்கும் அல்லது ரத்து செய்யும்.

நேரம் சொல்லி மூடுவது தவறே இல்லை. ஐ.ஆர்.சி.டி.சி. வழக்கமாக இரவு 11.45க்கு முன்பதிவை மூடி 12.20க்குத் திறக்கிறது, நாமும் பழகிவிட்டோம்.

"அதான் பணம் திரும்பி வருதே சார்" என்பார்கள். வரும். 2019 செப்டம்பர் 20 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் நம் கணக்கிலிருந்து எடுத்த பணம் மற்றவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸில் கைநழுவிய தத்கால் படுக்கையை எந்தச் சுற்றறிக்கை திருப்பித் தரும்?

தம்பி, தங்கைகளே, அடுத்த முறை சர்வரை நிறுத்துமுன், உள்ளே யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.