ஓடைக்குக் கீழே ஓர் ஊர்

"ஓடையில் நடக்கக்கூட டிக்கெட்டா? இயற்கைக்கு எதுக்குங்க காசு?"

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கனாராவில் என்ற சிற்றூரில், எனக்கு முன்னால் நின்ற நம்மவர் ஒருவர் கேட்டது இது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பொது இடம் என்றால் யாருக்கும் பொறுப்பில்லாத இடம் என்ற நினைப்பை இந்தப் பத்தியில் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். இந்த வாரமும் அதேதான்.

முதலில், அந்த ஓடைவழியே நடந்து போய்ச் சேரும் அருவியைச் சொல்லிவிடுகிறேன். போக சுமார் 2 மைல். வெட்டவெளியில் தொடங்கும் பாதை ஓடையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, கடைசியில் ஓடைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. செம்மணற்பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கி வர, வானம் ஒரு கீற்றாகிவிடும். கோடையிலும் கணுக்கால் மரத்துப்போகும் குளிர். சுவரைத் தடவினால் விரலில் மணல் ஒட்டுகிறது. தண்ணீர் சுமந்து வரும் மணலும் கூழாங்கல்லும் காலங்காலமாக உரசி உரசித்தான் இந்த இடுக்கே உண்டானது. இடுக்கின் முடிவில் அருவி; அதையொட்டி மேலேற ஓர் ஏணி.

நான் அண்ணாந்து பார்த்தது வேறொன்றை. என் தலைக்கு மேலே, பாறை வெடிப்பில் சுள்ளியும் சருகும் திணிந்து கிடந்தன. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்துபோன தடயம் அது. இத்தகைய இடுக்குகளில் வெள்ளம் வர, நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை கொட்டியது பல மைல் தள்ளி மேட்டுநிலத்தில். பாறையிலும் காய்ந்த மண்ணிலும் விழுந்த நீர் உள்ளே இறங்காமல் வழிந்து, ஒரே இடுக்குக்குள் திரண்டு பாய்ந்தது.

மேலே நடப்பது கீழே வந்தே தீரும். இதை வெள்ளத்துக்கு மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது. கனாராவில் மக்களின் குடிநீருக்கு இந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதிதான் ஆதாரம். நடைபாதையோரம் ஆங்காங்கே தண்ணீர்க் குழாய் கண்ணில் படுகிறது. ஊரில் இருப்பதே சில நூறு பேர். அருவியின் படங்கள் இணையத்தில் பரவியதும் கூட்டம் குவிந்தது. அத்தனை கால்களும் அத்தனை குப்பையும் அவர்கள் குடிக்கும் தண்ணீரின் தலைமாட்டில்! ஊர் நிர்வாகம் கட்டணம் வைத்தது, ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி என்றது, நாய்களைக் கூட்டிவரத் தடை போட்டது. ஆள் வரவர வருமானம்தானே என்று திறந்துவிடாமல், போதும் என்று சொல்ல ஒரு சின்ன ஊருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சலை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

நமக்கு அது ஒருநாள் உல்லாசம். அவர்களுக்கு அன்றாடம் உலை வைக்கும் நீர். எத்தனை பேர் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை, அதைக் குடிப்பவர்களுக்கே முதலில் உண்டு. அங்கே போகிறவர்கள் பேரம் பேசாமல் கட்டணத்தைக் கட்டுங்கள். அன்றைய சீட்டு தீர்ந்திருந்தால் முணுமுணுக்காமல் திரும்பி, இன்னொரு நாள் வாருங்கள்.