கழி ஓரத்து வயலும் மடவை மீனும்

கேள்வி: "முருங்கப்பாக்கம் பக்கம், அரியாங்குப்பம் ஆற்றுக் கழியை ஒட்டி எங்களுக்கு இரண்டு காணி நிலம் இருக்கிறது. கீழ் ஓரத்தில் அரைக் காணி உவர் ஏறி, நெல் பதராகப் போகிறது. அதற்கும் கழிக்கும் நடுவே கண்டல் மரங்கள் தானாக முளைத்து நிற்கின்றன. மரத்தை எடுத்துவிட்டு இறால் குட்டை போட ஒருவர் குத்தகை கேட்கிறார். நல்ல தொகை சொல்கிறார். மகன் படிப்புக்குப் பணம் தேவைப்படுகிறது. மாமனாரோ, கழி செத்துப்போகும், கூடாது என்கிறார். அவர் இன்றைக்கும் வீச்சு வலை எடுத்துப்போய் குழம்புக்கு மீன் கொண்டுவருபவர். இதனால் வீட்டில் இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. யார் சொல்வது சரி?"

- வாசகி ஒருவர், முருங்கப்பாக்கம்

பதில்: மாமனார் சொல்வதுதான் சரி. ஆனால் மருமகளின் கவலையும் பொய்யில்லை. அதனால் இரண்டையும் பார்த்துவிடுவோம்.

முதலில் சட்டம். கண்டல் காடு, அதாவது அலையாத்திக் காடு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மிகவும் காக்கப்பட வேண்டிய பிரிவில் வருகிறது. அதை அழித்து இறால் குட்டை அமைக்க அனுமதி கிடையாது. பட்டா நிலம் என்பதால் மட்டும் இந்த விதி விலகிவிடாது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தந்த தீர்ப்புக்குப் பிறகும், 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்துக்குப் பிறகும், பதிவு இல்லாமல் உவர்நீர்க் குட்டை நடத்துவதே சட்டமீறல். குத்தகை கேட்பவர் பதிவுச் சான்று காட்டினாரா என்று கேட்டுப் பார்க்கலாம். மரம் வெட்டியது பிரச்சினையானால் குத்தகைக்காரர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அலைய வேண்டியிருக்கும்.

நோய்க் கணக்கையும் மறக்கக் கூடாது. 1994 வாக்கில் வெண்புள்ளி நோய் வந்தபோது கிழக்குக் கடற்கரை முழுக்கக் குட்டைகள் காலியாயின. கைவிட்ட குட்டையில் நெல் திரும்ப வருவது சுலபமில்லை. உப்பு தரைக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றையும் கெடுக்கும். அரைக் காணியைக் குட்டைக்குக் கொடுத்தால் மீதி ஒன்றரைக் காணியின் தண்ணீரையும் பணயம் வைத்ததாகத்தான் கணக்கு.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் இங்கே கவனிக்க வேண்டியது கழிதான். அந்தப் பெரியவர் வலையில் விழும் மீன் எங்கிருந்து வருகிறது?

செஞ்சி மலைப் பக்கம் பிறந்து வரும் சங்கராபரணி, புதுச்சேரிக்கு வந்ததும் கிளை பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறாகத் தேங்காய்த்திட்டு, வீராம்பட்டினம் பக்கம் கடலைச் சேருகிறது. இன்னொன்று தெற்கே சுண்ணாம்பாறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நல்ல தண்ணீர் கீழே தள்ளிக்கொண்டு வரும். சித்திரை, வைகாசியில் கடல் உள்ளே ஏறிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. கழியிலோ இந்த அளவு மாதத்துக்கு மாதம் மாறும். இந்த மாற்றத்தைத் தாங்கும் உயிர்கள்தான் கழியில் குடியிருக்கும். தாங்க முடியாத பெரிய கடல்மீன்கள் உள்ளே அதிகம் வருவதில்லை. அதனால் குஞ்சுகளுக்குக் கழி பாதுகாப்பான தொட்டில் ஆகிறது.

வெள்ளை இறால் கடலில்தான் முட்டை விடும். பொடிக்குஞ்சு ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏற்றத்தோடு கழிக்குள் நுழையும். கண்டல் வேருக்கிடையில் சில மாதம் தின்று வளர்ந்து கடலுக்குத் திரும்பும். மடவையும் அப்படியே, முட்டைக்குக் கடல், வளர்ச்சிக்குக் கழி. சேற்று நண்டில் பெண் நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகும். ஆகவே முகத்துவாரத்தில் படகுக்காரர் வலையில் இன்று விழும் இறால், முந்தின மாதங்களில் இதுபோன்ற ஒரு கழி ஓரத்து வேரடியில் ஒளிந்திருந்ததாக இருக்கலாம். கீழ் ஓரத்து மரத்தை எடுத்தால் இழப்பு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுக்கும் அது போய்ச் சேரும்.

கழி நலமாக இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. நீர் வடியும் நேரத்தில் பெரியவரோடு பேரனை அனுப்பிவைத்தால் போதும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். புதுச்சேரிக் கரையில் நீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். என்றாலும் சேற்றுக்கரை சரிவு குறைந்தது என்பதால் நல்ல அகலத்துக்குத் தரை வெளியே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் நன்றாகத் தெரியும்.

சேற்றில் முதலில் கண்ணில் படுவது பொடி நண்டு. ஆணுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெட்டையை அழைக்கும். காலடி அதிர்ந்தால் நூறு வளைக்குள் நூறும் ஒரே நேரத்தில் மறையும். அந்த வளைகள் வழியாகத்தான் சேற்றுக்குள் காற்றும் நீரும் போகின்றன. வயலுக்கு மண்புழு செய்வதைக் கழிக்கு இந்த நண்டு செய்கிறது. பக்கத்திலேயே சேற்று உளுவை துள்ளும். மீனாக இருந்தும் ஈரத்தோலால் மூச்சுவிட்டுக்கொண்டு கரையில் நடக்கிற ஜாதி அது. கண் இரண்டும் தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். குழந்தைகள் ஒருமுறை பார்த்தால் வீட்டுக்கு வர மறுப்பார்கள்.

வெண்கண்டல் மரத்தடியில் ஆயிரக்கணக்கான குச்சிகள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும். அவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. அந்த வேர்மேல் சேற்றைக் கொட்டி மூடினால் வெட்டாமலே மரம் பட்டுப்போகும். குட்டைக் கரைமண் கொட்டும் இடங்களில் நடப்பது இதுதான். வெண்கண்டல் இலையின் மேல் நாக்கு வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம் அது. சுரபுன்னைக்கு வேறு உபாயம். விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பக்குவம் வந்ததும் சேற்றில் விழும். குத்தி நின்றால் அங்கேயே வேர் பிடிக்கும், இல்லாவிட்டால் மிதந்து வேறு கரை தேடும்.

மேலே பார்த்தால் செம்பருந்து வட்டமிடும். கரைக்கொம்பில் சிறால் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கை அடித்து நின்று, கல் விழுவதுபோல் விழும். மீன்கொத்தி நாள் தவறாமல் வந்தால் தண்ணீர் தெளிவும் பொடிமீனும் இருக்கிறதென்று அர்த்தம். கழிச்சேற்றில் அழுகிய முட்டை வாடை லேசாக வருவது இயல்புதான், அதற்குப் பயப்பட வேண்டாம். விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பது, வலையில் ஜிலேபியைத் தவிர வேறெதுவும் விழாதது, வளைகளில் நண்டே இல்லாமல் போனது ஆகியவைதான் கெட்ட அறிகுறி. நகரத்துக் கழிவுநீர் சேரும் பகுதியில் எடுத்த மட்டியையும் ஆளியையும் சாப்பிடக் கூடாது. அவை நீரை வடிகட்டித் தின்பவை. அழுக்கையும் உள்ளே சேர்த்து வைத்திருக்கும்.

இந்தக் கரை புதிதாகப் பேர் வாங்கியதும் அல்ல. இதே ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். ரோமானியரின் கூர்அடி ஜாடிகள் கிடைத்தன. திராட்சை மது மட்டுமல்லாமல் ஆலிவ் எண்ணெயும் மீன் ஊறல் சாறும் வந்த ஜாடிகள் அவற்றில் உண்டு. கழி நிறைய மடவை துள்ளும் ஊருக்குக் கப்பலேற்றி மீன் சாறு கொண்டுவந்திருக்கிறார்கள்!

இனி, பிடிக்கும் முறை. வீச்சு வலையால் கழி அழிந்ததில்லை. கொசுவலையைக் குறுக்கே கட்டிப் பொடி இறாலை வழித்தெடுப்பதால்தான் அழிகிறது. பொடி இறாலோடு இருபது வகை மீன்குஞ்சும் சேர்ந்து கரையில் காய்ந்து சாகும். வலைக்கண்ணியில் கட்டைவிரல் நுழைய வேண்டும் என்று பழைய ஆட்கள் வைத்த அளவு நல்ல அளவு. நண்டைத் திருப்பிப் பார்த்தால் வயிற்று மடல் குறுகிக் கூராக இருப்பது ஆண், அகன்று வட்டமாக இருப்பது பெண். மடலுக்கடியில் முட்டை தெரிந்தால் விட்டுவிட வேண்டும். கறிமீன் ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். ஓரமாக ஒரே இடத்தில் சுற்றும் ஜோடியைப் பிடித்தால் அந்தக் கூட்டமே போய்விடும். கொடுவா விஷயம் பலருக்குத் தெரியாது. அது ஆணாக வளர்ந்து, பல கிலோ எடை வந்த பின்னரே பெண்ணாக மாறும். பெரிய கொடுவா மாட்டினால் போட்டோ எடுத்துப் பெருமைப்படுகிறோம். அது பெரும்பாலும் தாய்மீனாகத்தான் இருக்கும்.

சிறுவர்களை அழைத்துப் போகும்போது கெளுத்தி முள் பற்றிச் சொல்லிவைக்க வேண்டும். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும். முள் உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, அந்த உவர் அரைக் காணிக்கு வழி என்ன? வைகாசியில் மேல்மண்ணை எடுத்துக் குரும்பாப்பேட்டு பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு மண் பரிசோதனை செய்ய வேண்டும். மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் இருந்தால் அது உவர். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியம் மிகுந்திருந்தால் களர். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கடையில் சொல்கிறார்கள் என்று உவர் நிலத்தில் ஜிப்சம் கொட்டுவது காசுக்குக் கேடு. ஜிப்சம் களருக்குத்தான். உவருக்கு மழைத்தண்ணீர்தான் மருந்து. கண்டல் வரிசைக்கு உள்பக்கமாக, மரத்தைத் தொடாமல், கரை உயர்த்தி, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் கதவு வைத்த குழாய் ஒன்று பதிக்க வேண்டும். புரட்டாசியில் உழுது போட்டு, வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி, கழி வற்றும் நேரத்தில் வடித்துவிட வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் உப்பு நன்றாக இறங்கும். கண்டல் வரிசை நின்றால்தான் அந்தக் கரையும் அலையடியில் கரையாமல் நிற்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் ஆராய்ந்தவர்கள், மரக்காப்பு இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று எழுதினார்கள். தரை மேடும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அன்றாட அலைக்கும் வெள்ளத்துக்கும் மரம் கரையைப் பிடித்து நிற்பதில் சந்தேகமில்லை.

முதலாண்டு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். அது உப்பைத் தாங்கும். நெல்லில் கோ 43 உவர் தாங்கும் ரகம். நாட்டு ரகம் விரும்பினால் நாகப்பட்டினக் கரையோரத்தில் பயிரிடும் குழியடிச்சான் இருக்கிறது. கேரளத்துப் பொக்காளி வயலில் மழைக்காலம் நெல், கோடையில் இறால் என்று மாற்றி மாற்றிச் செய்வதைக் கேள்விப்பட்டு அதையே கேட்பவர்கள் உண்டு. அங்கே தென்மேற்குப் பருவமழை உப்பை அடியோடு கழுவிவிடுகிறது. நம் மழையை நம்பி ஒவ்வோர் ஆண்டும் கடல்நீரை வயலுக்குள் விடுவது சூதாட்டம்.

பணத்துக்கு இன்னொரு வழி: தோல் உரித்து உள்ளே தண்ணீராக இருக்கும் நண்டை வாங்கி, கூண்டில் மூன்று நான்கு வாரம் தீனி போட்டுச் சதை ஏற்றி விற்பது. கழியில் கூண்டு வைக்க மீன்வளத் துறையில் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். வளர்க்கக் குஞ்சு வேண்டுமென்றால் சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. குத்தகைத் தொகை அளவுக்கு இது வந்துவிடும் என்று சொல்ல முடியாது. முதல் ஆண்டு பத்துக் கூண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தீனி வாங்கிய கணக்கை மகனே எழுதட்டும்.

கேள்வி: "மழைக்காலத்தில் பிடித்த மீன் மண்வாடை அடிக்கிறது. கெட்ட மீனா?"

- அரியாங்குப்பம் வாசகர்

பதில்: கெட்டதில்லை. நல்ல தண்ணீர் ஏறும்போது நீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருள் மீன் கொழுப்பில் சேருவதால் வரும் வாடை அது. புளிப்பு அதை முறிக்கும். மீனைச் சுத்தம் செய்து, வயிற்றின் உள்பக்கக் கருப்புச் சவ்வை எடுத்துவிட்டு, புளிக்கரைசலில் அரை மணி நேரம் போட்டுக் கழுவிவிட்டுக் குழம்பு வைக்கலாம். வாடை அதிகமென்றால் அன்றைக்கு வறுவலை விட்டுப் புளி தூக்கலான குழம்பே சரி.