துரு பூசும் பிள்ளை!

மழைக்குத் துருப்பிடித்த தோசைக்கல்லைப் புளியும் நாரும் போட்டு நான் தேய்த்துக் கொண்டிருக்கிறேன். கூடத்தில் என் பிள்ளை, புத்தம் புதிய பொம்மை டாங்கியின் மேல் பிரஷ்ஷால் துருவைப் பூசிக் கொண்டிருக்கிறான்! எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

காலேஜ் லீவு விட்டதிலிருந்து இதே பைத்தியம்தான். மேஜை மேல் காடு, மேடு, வீடு எல்லாம் அமைத்து, இரண்டு பக்கமும் குட்டிச் சிப்பாய்களை நிறுத்துகிறார்கள். அளவு நாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி யுத்தம் நடத்துகிறார்கள். அவனிடம் இருக்கும் சிப்பாய்களின் உயரம் 28 மில்லிமீட்டர். கட்டை விரலின் மேல் கணு அளவுதான். "மீசை முளைச்ச பையன் பொம்மை வெச்சு விளையாடறானே!" என்று என் கணவர் தலையில் அடித்துக் கொண்டார். ஆனால் எச்.ஜி.வெல்ஸ் என்ற பெரிய ஆங்கில எழுத்தாளரே பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் நடத்த விதிகள் வகுத்து, 1913-ல் ஒரு புத்தகம் போட்டிருக்கிறாராம்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் இதில் எத்தனை பொறுமை வேண்டும் என்று தெரிந்தது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பசை போக உலர்த்த வேண்டும். பிறகு பிரைமர். அதன் மேல் அக்ரிலிக் வர்ணத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. அப்புறம் நீர்க்கக் கரைத்த கருங்காப்பி நிறத்தை மேலே ஓட விட்டால், அது பள்ளங்களில் போய்த் தங்கி நிழல் காட்டுகிறது. பிரஷ்ஷில் வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு லேசாக வருடினால், மேடான இடங்கள் மட்டும் பளிச்சென்று எழுந்து நிற்கின்றன.

கடைசியில்தான் இந்தத் துரு, புழுதி, சேறு எல்லாம். போருக்குப் போன டாங்கி கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி மினுங்குமா?

அவன் செய்தது சோவியத் யூனியனின் டி-34 டாங்கி. இரண்டாம் உலகப் போரில் ஓடியது. உடம்பு முழுக்க ஒரே சீராகத் துருப்புள்ளி வைத்திருந்தான்.

"என்னடா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு!" என்றேன்.

அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. கையைப் பிடித்து வாசல் கேட்டண்டை அழைத்துப் போனேன். "பாருடா, தாழ்ப்பாள்கிட்ட தினம் கை படற இடத்துலதான் பெயிண்ட் போயிருக்கு. மழைத் தண்ணி தேங்கற அடிப்பக்கம்தான் துரு. ஆணியிலேர்ந்து துரு கண்ணீர் மாதிரி கீழ்நோக்கித்தான் வழிஞ்சிருக்கு. நடுப்பலகை நல்லாத்தானே இருக்கு?"

வீட்டில் எது எங்கே தேயும் என்று நமக்குத் தெரியாதா? இருபது வருஷமாக அதைத்தானே துடைத்துக் கொண்டிருக்கிறோம்!

திரும்ப வர்ணம் அடித்தான். சிப்பாய்கள் ஏறி இறங்கும் மூடியின் விளிம்பில் மட்டும், பிய்த்த ஸ்பாஞ்சுத் துண்டால் கரும்பழுப்பை ஒற்றினான். அதன் நடுவே துளி ஆரஞ்சு. கீழே சக்கரப் பக்கம் சேறு. புகைக்குழாய் அருகே கரி. மேல் தளத்தை அப்படியே விட்டுவிட்டான். அசல் டாங்கிதான் போங்கள்!

இனி நான் பயந்த கதையைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் இப்படிப் பிள்ளைகள் இருந்தால் அவசியம் கவனிக்க வேண்டியது.

என் கணவரின் நண்பர் ஒருவர் பழைய ஈயச் சிப்பாய்கள் நாலைப் பரிசாகக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் ஈயத்தில்தான் வார்ப்பார்கள். இங்கிலாந்தில் பிரிட்டன்ஸ் கம்பெனி 1893-லிருந்து உள்ளே பொள்ளலான ஈயச் சிப்பாய்களைச் செய்தது, 1966-ல்தான் நிறுத்தியது. மகள் குழந்தையோடு வந்திருந்த சமயம். திரும்பிப் பார்க்கிறேன், ஒரு வயசுப் பேத்தி ஒரு சிப்பாயின் தலையைச் சப்பிக் கொண்டிருக்கிறாள்! பிடுங்கி, வாயைக் கழுவி, டாக்டரிடம் ஓடினோம். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக் கொண்டிருந்தேன். நல்லவேளை, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்றும் சொன்னார்.

பழைய பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பொம்மையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தால் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. என் பிள்ளை பிரஷ் நுனியைக் கூராக்க நாக்கில் வைப்பான். தண்ணீரில் கரையும் வர்ணம்தானே என்று அலட்சியம்! சில நிறங்களில் காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு. ஈரத்துணியில் உருட்டினாலே நுனி கூராகிவிடும். பிரஷ் கழுவும் டம்ளரைச் சமையலறைப் பக்கமே விடாதீர்கள். ஸ்ப்ரே அடிப்பது மொட்டை மாடியில்தான். நல்ல விளக்கு வேண்டும். கண்ணுக்கு அடிக்கடி ஓய்வும் வேண்டும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

அன்றிரவு அவன் யாரும் சொல்லாமலே ஈயச் சிப்பாய்களை டப்பாவில் போட்டு மூடி, பரண் மேல் வைத்துவிட்டான். மறுநாள் நாக்கில் பிரஷ் வைக்கப் போனவன், என்னைப் பார்த்து அசடு வழிந்து கையைக் கீழே இறக்கினான்.

நேற்று, "அம்மா, பழைய லாரியில எந்த இடம் முதல்ல தேயும்?" என்று கேட்டான். பேப்பர் படித்துக் கொண்டிருந்த அவன் அப்பா தலையை நிமிர்த்தாமலே, "டிரைவர் ஏறுற படிடா" என்றார்!