மருந்து பாட்டிலைக் கீழே வையுங்கள்

எங்கள் தெருவில் மூன்று வருடத்துப் புங்கங்கன்று ஒன்று கத்திரி வெயிலில் ஒரே வாரத்தில் பழுப்பாகிவிட்டது. உடனே ஆளாளுக்கு வைத்தியம். "பூச்சிதான் சார், மருந்து அடிங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருவர் யூரியா போடச் சொன்னார். உரக்கடையில் என்ன மரம் என்றுகூடக் கேட்காமல் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார்கள். நானும் வாங்கி வந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

அடிக்கும் முன் ஒரு இலையைப் பறித்துப் பார்க்கக் கூடாதா? பூச்சி என்றால் ஓட்டையோ, புள்ளியோ, பிசுபிசுப்போ இருக்கும். இதில் ஒன்றுமில்லை. விளிம்பு கருகி, கருகல் உள்நோக்கி வந்திருந்தது. நடு நரம்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் பச்சை. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் விளிம்பு. வரத்து குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான். உப்புத் தண்ணீருக்கும் இப்படித்தான் கருகும். புதுச்சேரியில் கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கவனிக்கவும். யூரியா அதிகமானாலும் இதே கதிதான்!

"வேப்பமரமெல்லாம் கருகுதே, அதே நோய்தான்" என்கிறார்கள். அது வேறு. அங்கே தேயிலைக் கொசுவும் பூஞ்சணமும் சேர்ந்து கிளை நுனியைக் கருக்குகின்றன. எல்லாப் பழுப்பையும் அந்தக் கணக்கில் எழுதுவது, ஆபீசில் மேல்தாளை மட்டும் படித்துவிட்டுக் குறிப்பு எழுதுவது போல. (எழுதியவர்களில் நானும் உண்டு.)

நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை. உயிர் இருக்கிறது.

பிறகு குனிந்து அடியைப் பார்த்தேன். தண்டை ஒட்டிப் பேவர் கல்லை இறுக்கிப் பதித்து, இடுக்கில் சிமெண்ட் பாலும் ஊற்றியிருக்கிறார்கள். பெய்கிற மழை எப்படி உள்ளே போகும்? கடப்பாரையால் நான்கு கல்லைப் பெயர்த்து, ஒரு சாண் தோண்டினால் கருப்பாக ஏதோ தட்டுப்பட்டது. நாற்றங்காலில் கொடுத்த பாலித்தீன் பை! பையோடு புதைத்திருக்கிறார்கள். வேர் உள்ளேயே முறுக்குப் போலச் சுற்றிக் கிடந்தது.

நட்ட அன்று மாலை இருந்தது, பேச்சு இருந்தது, போட்டோ இருந்தது. நானும் கை தட்டினேன். பையைக் கிழிக்க ஒரு பிளேடு மட்டும் யாரிடமும் இல்லை. அடுத்து வந்த ஒப்பந்தக்காரர் கல்லைப் போட்டு மூடிவிட்டார். இப்போது பழி பூச்சி மேல்.

கல் இல்லாவிட்டால் சேறாகும் என்பீர்கள். தண்டைச் சுற்றி இரண்டடி மண்ணை விட்டால் எந்தத் தெரு சேறாகிவிடும்?

பையைக் கீறி எடுத்து, புது மண் நிரப்பி, சருகு மூடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலையில் தண்ணீர் விட்டேன். இருபதாம் நாள் இரண்டு துளிர். பாட்டில்கள் பிரிக்காமல் பரணில் இருக்கின்றன.

அதே நாளில் நட்டவை இன்னும் ஐந்து நிற்கின்றன. இரண்டில் விளிம்பு கருக ஆரம்பித்துவிட்டது. கல்லைப் பெயர்ப்பது குற்றம் என்று எச்சரித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடப்பாரையோடு நிற்பேன். முதுகு வலி இல்லாதவர்கள் வரலாம்.