லீமாவின் மறுபிறப்பு: பெயர் யாருக்கு, புகையிரதம் யாருக்கு?

கட்டைபறிச்சானைப் பிறந்தகமாகக் கொண்ட ஒருவன் இத்தாலிய விளையாட்டுப் புகையிரதம் ஒன்றைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எங்கள் ஊரில் தண்டவாளம் இல்லை. புகையிரத நிலையம் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், திருகோணமலையில் இருக்கிறது. 1927 ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த தண்டவாளம் அந்த நகரத்தோடு நின்றுவிட்டது. மூதூரிலிருந்து கடற்படகு ஏறியோ, துறைகள்தோறும் ‘பாதை’ என்று நாங்கள் அழைக்கும் மிதவைகளில் ஏறி இறங்கியோதான் அந்த நிலையத்தை அடைய வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 இல்தான். ஆகவே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் மெய்யான புகையிரதத்தைக் காணுமுன்பே பொம்மைப் புகையிரதத்தைக் கண்டவர்கள். வெருகல் திருவிழாக் கடைகளில் தகரத்தால் செய்த வண்டி தொங்கும். அதை வாங்க வழியில்லாதவன் மீன் தகரங்களைக் கயிற்றில் கோத்து இழுத்தான். மலிவான விளையாட்டுப் பொருளின் அருமை அத்தகைய ஊரிலேதான் சரியாகத் தெரியும்.

லீமா என்ற பெயர் புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளை வளர்த்த நம்மவர்களில் சிலருக்கு நினைவிருக்கக்கூடும். இத்தாலியின் விசென்சா நகரில் 1946 இல் தொடங்கப்பட்ட கம்பனி அது. மாதிரிப் புகையிரத உலகில் பெரும் பெயர்கள் வேறு. ஜேர்மனியின் மார்க்லின், இத்தாலியின் ரிவரோசி, இங்கிலாந்தின் ஹோர்ன்பி ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் லீமாவுக்கு வாய்த்த அடைமொழி ஒன்றே: மலிவு. பிளாஸ்டிக் உடல், தட்டையான வட்ட வடிவ மோட்டர், ஓடும்போது ஆட்டுக்கல் போன்ற இரைச்சல். மெதுவாக ஓடச் சொன்னால் ஓடாது. நின்றுவிடும், அல்லது பாய்ந்துவிடும். சில்லுகளின் விளிம்புகள் தேவைக்கு மேல் ஆழமானவை. நுணுக்கம் தேடுவோர் இதையெல்லாம் பட்டியலிட்டு ஏளனம் செய்தார்கள்.

அந்த ஆழமான விளிம்பைப் பற்றி ஒரு சொல். நுண்ணிய தண்டவாளம் பதித்த மேசையில் அது குறைபாடுதான். தண்டவாளத்தின் அடிக்கட்டைகளில் உரசும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளிடம் மேசை இல்லை. வரவேற்பறைக் கம்பளத்தில், மேடும் பள்ளமுமாகப் பொருத்திய தண்டவாளத்தில், சின்னத் தங்கையின் கால் பட்டு விலகிய இணைப்பின் மேல் ஓட வேண்டிய வண்டிக்கு அந்த ஆழமான விளிம்புதான் பிடிமானம். அறிஞர் கண்ட பிழையால் சிறுவனின் வண்டி தடம் புரளாமல் ஓடியது.

லீமா செய்த இன்னொரு காரியம் உண்டு. பெரிய கம்பனிகள் தத்தம் நாட்டுப் புகையிரதங்களையும் செல்வந்த அயல்நாடுகளின் புகையிரதங்களையும் மட்டுமே மாதிரியாக வார்த்துக்கொண்டிருந்த காலத்தில், லீமா அவுஸ்திரேலியாவின் புகையிரதங்களையும் தென்னாபிரிக்காவின் புகையிரதங்களையும் வெளியிட்டது. ஒரே வார்ப்பை வெவ்வேறு நாடுகளின் நிறங்களில் பூசி விற்கும் தந்திரமும் அதில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும், தன் ஊர்ப் புகையிரதத்தைத் தன் வீட்டுத் தரையில் ஓடவிடும் வாய்ப்பு அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மலிவுக் கம்பனியால் கிடைத்தது.

இலங்கைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. கிட்டியிருந்தாலும் ஒரு சிக்கல் இருந்திருக்கும். எங்கள் தண்டவாளங்கள் இந்தியாவின் அகலப் பாதையைப் போல ஐந்தரை அடி அகலமானவை. பரவலாக விற்கப்படும் மாதிரித் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீற்றர். அது ஐரோப்பாவின் நான்கு அடி எட்டரை அங்குலப் பாதையை 87 இல் ஒரு பங்காகக் குறுக்கிப் பெற்ற அளவு. அதே விகிதத்தில் எங்கள் பாதையைக் குறுக்கினால் 19 மில்லிமீற்றருக்கு மேல் வரும். யாழ்தேவியை மாதிரியாகச் செய்ய விரும்பும் எவரும் இடுங்கிய பாதையில் பருத்த வண்டியை ஓட்டச் சம்மதிக்க வேண்டும், இல்லையேல் தண்டவாளத்தையும் தானே செய்துகொள்ள வேண்டும்.

விடயத்துக்கு வருகிறேன். 2004 இல் லீமா மூச்சடைத்து நின்றது. அதன் சொத்துக்களை இங்கிலாந்தின் ஹோர்ன்பி கம்பனி வாங்கியது. லீமாவோடு ரிவரோசி, ஜேர்மனியின் ஆர்னோல்ட், பிரான்சின் ஜுவெஃப் ஆகிய பெயர்களும் அதே கூடைக்குள் வந்து விழுந்தன. வாங்கப்பட்டவை பெயர்களும் உருக்கு வார்ப்பச்சுகளும். அச்சுகள் சீனாவுக்குப் போயின. விசென்சாவில் அவற்றை இயக்கத் தெரிந்த கைகள் ஊரிலேயே தங்கிவிட்டன. இத்தகைய கொள்வனவுகளில் மனிதர் ஒருபோதும் விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

புதிய உரிமையாளர் என்ன செய்தார் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. லீமாவின் பிரித்தானியப் புகையிரத அச்சுகள் பலவற்றை ஹோர்ன்பி தனது ‘ரெயில்ரோட்’ என்ற மலிவு வரிசைக்குள் சேர்த்துக்கொண்டது. பழைய உடலுக்குப் புதிய மோட்டர் பொருத்தப்பட்டது. ஆட்டுக்கல் இரைச்சல் போயிற்று. அந்தப் பெட்டிகளில் லீமா என்ற பெயர் இல்லை. ஐரோப்பியக் கண்டத்திலோ லீமா என்ற பெயர் தொடர்ந்தது. சிறுவருக்கான எளிய பெட்டிகள் சில அப்பெயரில் வந்தன. கூடவே ‘எக்ஸ்பேர்ட்’ என்ற சொல்லை ஒட்டிக்கொண்டு, சேகரிப்பாளருக்கான நுணுக்க மாதிரிகளும் வந்தன. கைகாட்டியும் கம்பிப்பிடியும் தனித்தனியாகப் பொருத்திய அழகான மாதிரிகள். விலையும் அதற்கேற்றது.

ஆக, லீமாவின் உடல் ஒரு வழி போயிற்று, பெயர் இன்னொரு வழி போயிற்று. எது மறுபிறப்பு என்று என்னைக் கேட்டால், பெயர் இழந்த அந்த ரெயில்ரோட் வண்டிதான் என்பேன். குறைந்த விலைக்கு ஓடும் வண்டி என்பதே லீமாவின் சரக்கு. அதை விட்டுவிட்டுப் பெயரைப் பொன்முலாம் பூசி விற்பது, நாட்டரிசிக் கடையின் பலகையை எடுத்துக்கொண்டுபோய்ப் பாசுமதிக் கடையில் மாட்டுவதற்கு ஒப்பானது.

பெயருக்கும் பொருளுக்கும் இடையில் இப்படி ஆள்மாறாட்டம் நடப்பது இத்தொழிலுக்குப் புதிதன்று. ஹோர்ன்பியின் சொந்தக் கதையே அதுதான். லிவர்பூலின் பிராங்க் ஹோர்ன்பி தம் பெயரில் புகையிரதங்களை விற்கத் தொடங்கியது 1920 இல். 1938 இல் வந்த ‘ஹோர்ன்பி டப்லோ’ உலோக வார்ப்பு, கனதி, உயர்ந்த விலை. 1950களில் அதற்குப் போட்டியாக எழுந்தது ட்ரை-ஆங். பிளாஸ்டிக் உடல், குறைந்த விலை. இலட்சக்கணக்கான வீடுகளில் மலிவு நுழைந்தது, கனதி தோற்றது. 1964 இல் ட்ரை-ஆங்கின் தாய்க் கம்பனியான லைன்ஸ் சகோதரர்கள் ஹோர்ன்பியின் தாய்க் கம்பனியான மெக்கானோவை விழுங்கினார்கள். பின்னர் 1971 இல் லைன்ஸ் சகோதரர்களும் வீழ்ந்தார்கள். 1972 இல் அந்த மார்கேட் தொழிற்சாலையின் பிளாஸ்டிக் வண்டிகளுக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘ஹோர்ன்பி ரெயில்வேஸ்’. வென்றவனின் உடலில் தோற்றவனின் பெயர். இன்று பாரம்பரியம் பேசி ஹோர்ன்பி வாங்குவோரில் பலர், தாம் உண்மையில் ட்ரை-ஆங்கின் வாரிசை வாங்குகிறோம் என்று நினைப்பதேயில்லை.

பத்திரிகைத் தொழிலில் தலைமுடி நரைத்தவனுக்கு இது பழகிய காட்சி. பத்திரிகைகளும் கை மாறும். முகப்பெழுத்து அதே வடிவில் இருக்கும். தொடங்கிய ஆண்டும் பெருமையோடு அச்சாகும். உள்ளே எழுதுபவரும் எழுதப்படுபவையும் எவருக்காக எழுதப்படுகிறது என்பதும் மாறியிருக்கும். வாசகன் மட்டும் காலைத் தேநீரோடு அதே பெயரை விரித்துக்கொண்டிருப்பான்.

மலிவுச் சின்னத்தை வாங்குபவர் ஏன் அதை மலிவாக வைத்திருப்பதில்லை? பேராசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மையன்று. ஒரு வண்டிக்கு உருக்கு அச்சுச் செதுக்குவதற்கு ஆகும் செலவு, அதை வாங்குபவன் சிறுவனா சேகரிப்பாளனா என்று பார்ப்பதில்லை. அச்சின் செலவை ஆயிரம் வண்டிகளில் பகிர்ந்தால் ஒரு விலை, ஒரு இலட்சம் வண்டிகளில் பகிர்ந்தால் வேறு விலை. மலிவு என்பது எண்ணிக்கையின் பிள்ளை. எண்ணிக்கைக்குச் சிறுவர்கள் வேண்டும். சிறுவர்கள் கணினி விளையாட்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவர் ஓய்வூதியம் பெறும் பழைய சிறுவர். அவர் ஆண்டுக்கு ஓரிரண்டு வண்டிகள் வாங்குவார், நுணுக்கம் கேட்பார், விலையும் கொடுப்பார். கம்பனி அவர் பின்னால் போகிறது. வண்டி விலையேறுகிறது. விலையேறியதால் மிஞ்சியிருந்த சிறுவனும் விலகுகிறான். கயிற்றின் இரு முனைகளும் ஒன்றையொன்று இறுக்குகின்றன.

சீனாவில் செய்தால் மலிவு என்ற கணக்கும் நிலைக்கவில்லை. 1990களின் இறுதிக்குள் ஹோர்ன்பி தன் உற்பத்தியைச் சீனாவுக்கு நகர்த்தியது. அங்கே அதற்கு வண்டி செய்துகொடுத்த சண்டா கான் என்ற தொழிற்சாலையை 2008 இல் ஹொங்கொங்கின் கேடர் குழுமம் வாங்கியது. கேடர் யார்? ஹோர்ன்பியின் நேர்ப் போட்டியாளரான பாக்மனின் உரிமையாளர். எதிரியின் அடுக்களையில் தன் சோற்றைச் சமைக்கக் கொடுத்த நிலை. சரக்குத் தட்டுப்பாடு வந்தது. பிற இடங்களை நாடினார்கள். அக்குழுமத்தின் ஏர்பிக்ஸ் விமானப் பொருத்துப் பெட்டிகள் இந்தியாவிலும் வார்க்கப்பட்டன. 2012 இல் இலண்டன் ஒலிம்பிக் பொம்மைகளை நம்பி ஏற்றிய சரக்கு விற்காமல் தேங்கியதும் அந்தக் கம்பனியைச் சாய்த்த அடிகளில் ஒன்று. 2017 இல் பீனிக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ஹோர்ன்பியின் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. புதிய நிருவாகம் முதலில் நிறுத்தியவற்றுள் ஒன்று தள்ளுபடி விற்பனை. தொடர்ந்து தள்ளுபடி கொடுத்தால் சின்னத்தின் மதிப்பும் கடைக்காரரின் நம்பிக்கையும் கெடும் என்பது அவர்களின் வாதம். வியாபார அளவில் அது நியாயமே. ஆனால் தள்ளுபடியை நிறுத்துபவர், தள்ளுபடி தேவைப்படாத விலையில் ஒரு பெட்டியையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த இருபது ஆண்டுகளில் வரவேண்டிய சேகரிப்பாளரை அவர் இன்றே இழக்கிறார். பன்னிரண்டு வயதில் வண்டி ஓட்டாதவன் அறுபது வயதில் வண்டி சேகரிக்கப் போவதில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. அதைக் கூறுவோர் அனுபவசாலிகள். மட்டமான வண்டியால்தான் சிறுவர்கள் இந்தப் பொழுதுபோக்கை வெறுத்தார்கள், இரண்டு வாரத்தில் பழுதாகும் பொம்மை பெட்டிக்குள் போய்விடும், ஆகவே குறைவாகச் செய்தாலும் நன்றாகச் செய் என்பது அவர்கள் கட்சி. பழுதாகும் பொம்மையைப் பொறுத்தவரை நான் உடன்படுகிறேன். லீமாவின் மோட்டருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் மலிவும் மட்டமும் ஒன்றல்ல. பழைய எளிய உடலில் நல்ல மோட்டரைப் பொருத்தி விற்ற அந்த ரெயில்ரோட் வரிசையே இதற்குச் சாட்சி. கம்பிப்பிடியை உடலோடு சேர்த்தே வார்த்தால் என்ன? சன்னல் துடைப்பான் வெறும் கோடாக இருந்தால் என்ன? சில்லு சுழல வேண்டும், விளக்கு எரிய வேண்டும், விழுந்தால் உடையக்கூடாது. சிறுவனின் தராசில் வேறு படிக்கல் இல்லை.

கையளிப்பு, மீள்தொடக்கம், புதிய முதலீட்டாளர் என்ற சொற்களைக் கேட்டவுடன் திருகோணமலை மாவட்டத்தான் எவனும் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையை நினைக்காமல் இருக்கமாட்டான். 1990களில் அது மூடப்பட்டது. மீளத் திறக்கப்போவதாகப் பலமுறை அறிவித்தார்கள். அறிவிப்புகளை அச்சுக்கோத்தவர்களில் நானும் ஒருவன். தொழிற்சாலையின் பெயரை எல்லோரும் காப்பாற்றினார்கள், கரும்புதான் வரவில்லை. அதனால்தான் மறுமலர்ச்சி என்று எவர் சொன்னாலும், என்ன செய்து என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது.

ஹோர்ன்பி 2022 இல் 120 இல் ஒரு பங்கு அளவிலான சிறிய வண்டிகளை அறிமுகப்படுத்தியது. சிறிய வீடுகளில் வாழ்வோருக்கு ஏற்றது என்று விளம்பரப்படுத்தியது. இடத்தைச் சுருக்கியது நல்ல யோசனைதான். விலை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு. பேரப்பிள்ளைக்கு முதல் வண்டி வாங்கக் கடைக்குப் போனால், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ‘எக்ஸ்பேர்ட்’ வண்டியைக் காட்டச் சொல்லாதீர்கள். அது நீங்கள் ஆசைப்படும் வண்டி. பழைய பொருள் விற்கும் கடைகளில் கீறல் விழுந்த லீமா வண்டிகள் இன்னும் கிடைக்கின்றன. மோட்டரைத் திறந்து, தூசி துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டால் பெரும்பாலானவை ஓடும். திறந்து பார்க்கும் உரிமையையும் பிள்ளைக்கே கொடுங்கள். விலை உயர்ந்த வண்டியென்றால் உங்களுக்கு அதற்கு மனம் வராது.