மை போட்டுப் பார்க்கும் மிஷின்

பூமிக்குள்ளே இருபது அடி ஆழத்தில் ஒற்றைக் காசு கிடந்தாலும் எங்கள் மிஷின் கண்டுபிடித்துவிடும் என்று ஒருவன் உங்களிடம் சொன்னால், அவனைத் தாராளமாகப் பொய்யன் என்று அழையுங்கள். மானநஷ்ட வழக்குப் போட்டானானால் நான் சாட்சிக்கு வருகிறேன்.

இந்த ஆத்திரத்துக்குக் காரணம் கொட்டாம்பட்டியில் இருக்கும் என் சித்தப்பா. மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில் மேலூருக்கு அப்பால் இருக்கிற ஊர் அது. சென்ற ஆடியில் அவரைப் பார்க்கப் போனேன். கடலை விதைத்திருக்க வேண்டிய புஞ்சையில் பன்னிரண்டு குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"என்ன சித்தப்பா, தென்னங்கன்று வைக்கிற யோசனையா?" என்றேன்.

"கன்னு எங்கிட்டு வைக்க? மிஷினு இங்கனதான்யா கத்துச்சு" என்றார்.

இரண்டு பேர் காரில் வந்தார்களாம். நாள் வாடகை ஐயாயிரம், கிடைப்பதில் பாதி. மூன்று நாள் தோண்டியதில் அகப்பட்டவை ஒரு தேய்ந்த கொழு, நாலு மாட்டு லாடம், ஒரு சைக்கிள் செயின். நாலாம் நாள், காசுப் பானை கீழே இறங்கிவிட்டது, காவல் இருக்கிற தெய்வம் கிடா கேட்கிறது என்று சொல்லி, கிடாவுக்கும் பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பவில்லை. சித்தியின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது.

நம் பாட்டன்மார் காலத்தில் வெற்றிலையில் மை தடவி, 'அதோ தெரிகிறது பார், குடம்!' என்று காட்டினவன் ஒருவன் இருந்தான். அவனுடைய பேரன்தான் இவன். தாத்தா வெற்றிலையைக் காட்டினார். பேரன் பெட்டியைக் காட்டுகிறான். கிடா மட்டும் மாறவில்லை.

மெட்டல் டிடெக்டர் மந்திரமல்ல. அதன் தட்டுக்குள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறி மாறி ஓடும் மின்சாரம் பூமிக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டதும் அந்த உலோகத்துக்குள்ளும் மின்சாரம் சுழன்று, எதிர்ப்புலம் ஒன்று கிளம்பும். அதைக் கேட்டுத்தான் பெட்டி கத்துகிறது. ஆனால் காசு மாதிரிச் சின்னப் பொருள் என்றால், ஓரளவு ஆழத்துக்கு மேல், தூரம் இரட்டித்தால் பதில் குரல் அறுபத்து நாலில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். ஆகவே நல்ல கருவியேகூட ஒற்றைக் காசை ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்தில்தான் கேட்கும். பெரிய பானை நிறையக் காசு இருந்தால் இன்னும் சில அடி. இரும்புச் சத்துள்ள செம்மண்ணிலோ ஒன்றுமில்லாத இடத்திலும் கத்தித் தொலைக்கும்.

பட்டிக்காட்டானை ஏமாற்றிவிட்டான் என்று பட்டணத்து வாசகர்கள் சிரிக்க வேண்டாம். 2013ஆம் வருஷம் உத்தரப் பிரதேசத்தில், உன்னாவ் ஜில்லா தௌண்டியா கேராவில், ஆயிரம் டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். பூமிக்கடியில் ஏதோ உலோகம் இருக்கலாம் என்று சர்க்காரின் பூகர்ப்பத் துறை கருவி வைத்துப் பார்த்துச் சொல்லிற்று. தொல்லியல் துறையே மண்வெட்டியோடு போயிற்று. தங்கம் வரவில்லை. என் சித்தப்பாவாவது தம் சொந்தப் புஞ்சையைத் தோண்டினார்!

புதையலே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண் தோண்டியபோது, ஏறக்குறைய ஏழடி ஆழத்தில், ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் இருந்தன. ஒரு மிஷினும் கத்தவில்லை. மண்வெட்டிதான் கண்டது; எண்ணி ஒப்படைத்தார்கள்.

கருவியின் மேலேயும் எனக்குப் பகை இல்லை. இங்கிலாந்தில் ஃப்ரோம் என்ற ஊருக்குப் பக்கத்தில் 2010-ல் டேவ் கிரிஸ்ப் என்பவர் இதே கருவியோடு ஒரு வயலில் நடந்தார். கத்திற்று, தோண்டினார், ரோமானியக் காசுகளும் பானையின் வாயும் தெரிந்தன. அந்த இடத்தில் அவர் செய்த காரியத்தைத்தான் நான் கும்பிடுகிறேன்: தோண்டுவதை நிறுத்தினார். அறிந்தவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்தார்கள், 52,503 காசுகள். பிந்திய அரசன் ஒருவனின் காசுகள் மேலே இல்லாமல் பானையின் அடிப்பாகத்திலே கிடந்தன. ஆகவே வருஷா வருஷம் சேர்த்த உண்டியல் அல்ல, ஒரே சமயத்தில் கொட்டியது என்று தெரிந்தது. அத்தனை பாரத்தை அந்த மெல்லிய பானை தாங்காது. ஆகவே வெறும் பானையைப் புதைத்துவிட்டுப் பிறகே காசைக் கொட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அவசரக்காரன் ஒருவன் கையை விட்டு அள்ளியிருந்தால் இதில் எது மிஞ்சும்? சட்டப்படி அருங்காட்சியகம் விலை கொடுத்தது. கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு கிடைத்தது.

வெள்ளைக்காரன் எல்லாரும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 2015-ல் அதே நாட்டில் ஹெர்ஃபர்ட்ஷயரில் இருவர் ஒரு புதையலைக் கண்டு, மறைத்து, விற்று, 2019-ல் சிறைக்குப் போனார்கள். சுமார் முந்நூறு காசுகளில் முப்பது சொச்சம்தான் மீண்டது.

நம் ஊர்ச் சட்டம் 1878-ல் பிறந்தது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவன் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. இன்று பத்து ரூபாய்க்கு ஒரு டீ வரும். உரியவன் யாரும் இல்லையென்றால் கண்டவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு என்றும் அதே சட்டம் சொல்கிறது. சர்க்கார் எடுத்துக்கொண்டால் உலோகத்தின் விலையும், அதில் ஐந்தில் ஒரு பங்கு அதிகமும் தருமாம். சரித்திரத்துக்கு விலை அந்த ஐந்தில் ஒரு பங்கு! முக்கால் பங்கு சங்கதி எந்தக் கிராமத்தானுக்குத் தெரியும்? போலீஸ் வரும் என்பது மட்டும் தெரியும். ஆகவே தட்டானின் குகைக்குள் போய் உருகிவிடுகிறது காசு. பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சியில், 1898-ல் அறியவந்த 501 ரோமானியப் பொற்காசுகள் உருகாமல் தப்பின. அதனால்தான் அவற்றில் பெரும்பாலானவற்றில் ராஜாவின் முகத்தில் உளி வெட்டு இருப்பதை உலகம் பார்க்க முடிந்தது.

இனி என் மேலேயே ஒரு குற்றச்சாட்டு. சில வருஷங்களுக்கு முன் மதுரையில் ஒரு கடையில் மீன் பொறித்த செப்புக் காசு ஒன்றை முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். எந்த ஊர் மண் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகும் வாங்கினேன். இன்று அது என் மேஜை இழுப்பறையில் ஊர் பேர் இல்லாத அநாதையாகக் கிடக்கிறது. வாங்க நாம் இருக்கிறோம். அதனால் தோண்ட அவன் இருக்கிறான்.

சித்தப்பாவின் குழிகளைச் சுற்றி வந்தபோது வரப்பில் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகப் பானை ஓடுகள். நடுவே விரற்கடை கனத்தில் ஒரு தாழியின் விளிம்பு. உடைந்த வாய் புத்தம் புதிதாக இருந்தது. கடப்பாறை பட்ட இடம். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டுதான், கிறிஸ்துவுக்கு 580 வருஷம் முந்தியது என்று 2019-ல் வந்த அறிக்கையில் ஏறி, நம்மையெல்லாம் மார்தட்ட வைத்தது. மிஷின் கரிக்குக் கத்தாது. மண்பானைக்கும் கத்தாது.

"இதை ஏன் சித்தப்பா உடைத்தீர்கள்?"

"பழைய சட்டி ஓடுதானய்யா. காசு இருக்கான்னு பாத்தாய்ங்க, இல்ல. தூக்கி எறிஞ்சுட்டாய்ங்க."

சங்கிலியை மீட்கப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போன் செய்தார். சங்கிலி வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"ஏய்யா, திருச்சியில பெரிய மிஷினு ஒண்ணு வந்திருக்காம். முப்பது அடி பாக்குமாம். நீ படிச்ச ஆளு, ஒரு எட்டு வெசாரிச்சுச் சொல்லேன்."